படிக்கத் தெரியாத எழுத்தின் முன்னால் நில்லுங்கள்

டோக்கியோவுக்கு வேலைக்கும் சுற்றுலாவுக்கும் வரும் தமிழ் நண்பர்களுக்கு,



யுவேனோ பூங்காவில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கு உங்களில் பலரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். வாள்கள் இருக்கும் இடத்தில் எல்லோரும் நின்று நிதானமாகப் பார்க்கிறீர்கள். புத்தர் சிலைகளைச் சுற்றிவந்து பார்க்கிறீர்கள். கிமோனோவின் பூவேலைப்பாட்டைக் குனிந்து பார்க்கிறீர்கள். எழுத்துச் சுருள்களை விரித்து வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிகள் வந்ததும் நடை வேகம் பிடித்துவிடுகிறது. ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "நமக்குப் படிக்கத் தெரியாதே." இந்தப் பதிலை மறுப்பதற்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அந்தப் பெட்டிக்கு முன்னால் உங்கள் பக்கத்தில் நிற்கும் ஜப்பானியரில் பெரும்பாலானவர்களுக்கும் அதைப் படிக்க வராது. பழைய கையெழுத்தில் எழுத்துகள் ஒன்றோடொன்று குழைந்து கிடக்கும். பல கோடுகள் கொண்ட ஓர் எழுத்து தேய்ந்து தேய்ந்து ஒரே வளைவாகியிருக்கும். குசுஷிஜி என்று அதைச் சொல்வார்கள். தனியாக உட்கார்ந்து பயின்றவர்களுக்கு மட்டுமே அது பிடிபடும். மற்றவர்கள் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அச்சு விளக்கத்தைப் படித்துவிட்டு மறுபடியும் எழுத்துக்கே திரும்புகிறார்கள். படிப்பதற்காக அவர்கள் அங்கே நிற்கவில்லை. தெலுங்கு தெரியாமலே தியாகராஜர் கீர்த்தனைக்குத் தலையாட்டும் ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். சொல் விளங்காமல் ரசிக்கக் கூடாது என்று நமக்கு யாரும் சட்டம் போட்டதில்லை.

எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். மையிலிருந்து தொடங்குவோம்.

ஷோதோ என்று ஜப்பானியர் சொல்லும் இந்தக் கலைக்கு வேண்டியவை தூரிகை, மை, மைக்கல், காகிதம், அவ்வளவுதான். இன்று புட்டியிலும் மை கிடைக்கிறது. பழைய முறையில் அது ஒரு கட்டி. எண்ணெய் விளக்கின் புகைக்கரியையோ பைன் மரம் எரித்த கரியையோ எடுத்து, விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையோடு பிசைந்து, வாசனை சேர்த்து, அச்சில் அழுத்தி உலர்த்துகிறார்கள். நாரா நகரத்தில் கோபாய்என் என்ற கடை 1577 முதல் இதைச் செய்துவருகிறது. வெயில் காலத்தில் பசை கெட்டுவிடும். அதனால் குளிர் மாதங்களில்தான் வேலை. கட்டியை மைக்கல்லில் துளித் தண்ணீர் விட்டு மெதுவாக உரைத்து உரைத்து மை எடுக்க வேண்டும்.

அந்த மை தாளில் பட்டால் பட்டதுதான். அழிக்க முடியாது. மேலே பூசிச் சரிசெய்தால் சரிசெய்தது அப்பட்டமாகத் தெரியும். வெளிறிய மையில் எழுதிய தாள் கண்ணில் பட்டால், இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தை உற்றுப் பாருங்கள். முதலில் போட்ட கோடு மேலே இருப்பது போலவும், பிறகு வந்த கோடு அதற்கு அடியில் நுழைந்து போவது போலவும் தெரியும். முதல் கோட்டின் பசை காகித இழைகளில் முன்னாலேயே இடம் பிடித்துக்கொண்டதால் அப்படி. எந்தக் கோடு முதலில் வந்தது, தூரிகை எங்கே அழுந்தியது, மை தீர்ந்து எங்கே வெள்ளை வெள்ளையாகக் கீறிக்கொண்டு போனது, எந்த இடத்தில் மறுபடி மையில் தோய்த்தார்கள் என்று எல்லாமே தாளில் கிடக்கிறது. ஓர் எண்ணெய் ஓவியத்தில் ஓவியர் எந்த மூலையில் தொடங்கினார் என்று நமக்குத் தெரிவதில்லை. இங்கே முதல் புள்ளியிலிருந்து கடைசி இழுப்பு வரைக்கும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் போன ஒரு கையின் பின்னாலேயே நம் கண் போகலாம். நான் விரலைக் காற்றில் மெல்ல அசைத்துக்கொண்டுதான் பார்ப்பேன். யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் பாட்டியும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்.

அப்படிக் கையைப் பின்தொடரும்போது ஒரு மனிதர் தட்டுப்படுகிறார். அவரை உங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. எழுத்துக் கலையில் ரசனை என்று நான் சொல்வது இதைத்தான்.

எங்கள் பகுதிச் சமூகக்கூடத்தில் நடக்கும் வகுப்பில் இதை வாரம்தோறும் பார்க்கிறேன். ஆசிரியை ஒரு மாதிரித் தாள் எழுதித் தருவார். எல்லோரும் அதையே பார்த்து எழுத வேண்டும். கோடு எங்கே தொடங்கி எங்கே நின்று எங்கே தெறிக்க வேண்டும் என்பதெல்லாம் முன்பே முடிவானது. சொந்தக் கற்பனைக்கு இடமே இல்லை என்று முதலில் தோன்றும். முடிவில் தாள்களை வரிசையாகக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிடும்போது, பெயரைப் பார்க்காமலே எது யாருடையது என்று சொல்லிவிடலாம். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் கிடைக்கோடு எப்போதும் வலது முனையில் ஓர் இழை தூக்கலாக முடியும். பூக்கடை நடத்தும் அம்மா புள்ளி வைத்த பிறகு தூரிகையை எடுக்கத் தயங்குவார். அந்தத் தயக்கம் மை ஊறிய வட்டமாகப் பரவி நிற்கும். ஆசிரியை சிவப்பு மையால் மற்றதையெல்லாம் திருத்துவார், அந்த வட்டத்தைத் தொட மாட்டார். ஒரு நாள் காரணம் கேட்டேன். "அது அவங்க" என்றார், வேறு விளக்கம் சொல்லவில்லை.

பார்த்து எழுதுவதிலேயே ஆள் வெளிப்பட்டுவிடுவதற்கு மிகப் பழைய சாட்சி நாராவின் ஷோசோஇன் கருவூலத்தில் இருக்கிறது. சீனத்தின் வாங் ஷீஜியுடைய எழுத்தைப் பார்த்து பேரரசி கோம்யோ 744-இல் எழுதிய 'கக்கிரோன்' அது. வாங் ஷீஜி நான்காம் நூற்றாண்டுக்காரர், எழுத்துக் கலையில் எல்லோருக்கும் ஆசான். அவர் எழுத்தில் இருப்பதாகச் சொல்லும் நளினத்தை இந்தத் தாளில் தேடாதீர்கள். பேரரசியின் கோடுகள் தடித்தவை, அழுத்தமானவை. சில இடங்களில் தாளைக் குத்துவது போல இறங்குகின்றன. முடிவில் 'பேரரசி' என்று கையொப்பம் இடவில்லை. ஃபுஜிவாரா வீட்டு மூன்றாம் மகள் என்று எழுதிவைத்திருக்கிறார். நாற்பதைத் தாண்டிய, அரண்மனையின் மிகப் பெரிய இடத்தில் இருந்த ஒரு பெண், பிறந்த வீட்டு மகளாகத் தன்னைச் சொல்லிக்கொண்டு அத்தனை பலமாக எழுதியிருக்கிறார். நளினம் போதாது என்பவர்கள் உண்டு. எனக்கு அந்த முரட்டுத்தனம்தான் பிடித்திருக்கிறது.  

பிடித்ததும் பிடிக்காததும் எவ்வளவு தூரம் விலகலாம் என்பதற்கு இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த மூன்று பெரிய எழுத்துக்காரர்களில் இருவர், ஃபுஜிவாரா நோ சுகேமாசாவும் ஃபுஜிவாரா நோ யுகினாரியும். யுகினாரி 1018-இல் எழுதிய சீனக் கவிஞர் பாய் ஜூயீயின் கவிதைச் சுருள் யுவேனோ அருங்காட்சியகத்துச் சொத்து. இதமாக நிறம் ஏற்றிய தாள்கள். கோடு எங்கும் பதறுவதில்லை. எழுத்துக்கு எழுத்து விட்ட இடைவெளி மூச்சு விடுவது போலச் சீராக இருக்கிறது. ஜப்பானிய நளினத்துக்கு இலக்கணம் என்றே இதைச் சொல்வார்கள்.

சுகேமாசாவின் 'ரிராகுஜோ' ஒரு மன்னிப்புக் கடிதம். 991-இல் க்யூஷூவில் கிடைத்த பதவியை ஏற்கப் போகும் வழியில், தலைநகரில் அரசப் பிரதிநிதியிடம் முறைப்படி விடைபெறாமல் வந்துவிட்டது அவருக்கு உறைக்கிறது. இன்றைய ஷிமோனோசெகியில் உட்கார்ந்து, எனக்காக நீங்கள் பேசிச் சமாளியுங்கள் என்று உறவினர் ஒருவருக்கு எழுதுகிறார். தூரிகை பாய்கிறது, சுழல்கிறது, ஒரே இழுப்பில் பல எழுத்துகளைக் கோத்துக்கொண்டு ஓடுகிறது. திடீரென்று ஓரிடத்தில் கறுத்துத் தடிக்கிறது, அடுத்த கணம் நூலாக இளைக்கிறது. மன்னிப்புக் கேட்கிறவரின் கை இவ்வளவு திமிராக ஓடலாமா என்று முதல் பார்வையில் எனக்குத் தோன்றியது. பதற்றம்தான் அப்படி ஓடுகிறதோ என்று இன்னொரு சமயம் தோன்றியது. இரண்டுமே அந்தத் தாளில் இருக்கிறது என்று இப்போது நம்புகிறேன். யுகினாரியின் சுருள் முன்னால் எனக்கு மரியாதை வருகிறது. சுகேமாசாவின் கடிதத்தைப் பார்த்தால் எழுதியவரை நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. உங்களுக்கு நேர்மாறாகத் தோன்றலாம். தோன்றினால் அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதெல்லாம் கலையில் சேருமா என்று ஜப்பானியரே சண்டை போட்டிருக்கிறார்கள். 1882-இல் கொயாமா ஷோதாரோ என்ற மேற்கத்திய பாணி ஓவியர், எழுத்து ஒரு கலையே ஆகாது என்று பத்திரிகையில் எழுதினார். எழுத்து மொழியின் குறி, அதன் வடிவம் எழுதுகிறவர் உண்டாக்கியது இல்லை, பிறகு அதில் கலைக்கு ஏது இடம் என்பது அவர் வாதம். அப்போது இருபது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த ஒகாகுரா காகுசோ பதில் எழுதினார். எழுதுகிறவர் ஒவ்வொரு எழுத்தின் கட்டமைப்பையும் மொத்தத் தாளின் அமைப்பையும் எண்ணித்தான் எழுதுகிறார், அதனால் அது கலையின் எல்லையைத் தொட்டுவிடுகிறது என்றார். பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து தாகூரின் நண்பரானவர் இதே ஒகாகுராதான்.

யார் வென்றார்கள் என்பதைவிட இதற்குப் பிறகு நடந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொயாமாவிடம் ஓவியம் கற்றவர்களில் நாகாமுரா ஃபுசெத்சு என்று ஒருவர். அவரே எழுத்துக்காரராகவும் ஆனார். நாற்பது ஆண்டுகள்போலச் சீனத்துக் கல்வெட்டு அச்சுகளையும் சுவடிகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். 1936-இல் நெகிஷியில் இருந்த தன் வீட்டிலேயே ஓர் எழுத்து அருங்காட்சியகம் திறந்தார். எழுத்து கலை இல்லை என்று சொன்னவரின் மாணவர் கட்டிய இடம், யுவேனோ பூங்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. கறி சாதத்துக்குப் பெயர்போன ஷின்ஜுகு நாகாமுராயா கடையின் பெயர்ப்பலகை எழுத்தும் ஃபுசெத்சுவுடையதுதான். அந்தப் பக்கம் போனால் நிமிர்ந்து பாருங்கள்.

போருக்குப் பின் வந்தவர்கள் எழுத்து கலையா என்ற கேள்வியை இன்னும் இழுத்துக்கொண்டு போனார்கள். 1945-இல் ஹிதாய் நான்கோகு, படிக்கக்கூடிய எழுத்தே இல்லாத ஓர் எழுத்தோவியம் செய்தார். 1957-இல் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் ஈராண்டுக்கொரு முறை நடக்கும் கண்காட்சி நடந்தது. அங்கே தெஷிமா யூகெய் 'சரிவு' என்ற பொருளுடைய இரண்டு எழுத்துகளைக் காட்சிக்கு வைத்தார். மாரியோ பெத்ரோசா என்ற பிரேசில் விமர்சகர், ஜப்பானிய மொழி தெரியாதவர், அதைப் பார்த்துவிட்டு ஏதோ இடிந்து விழுவது போல இருக்கிறதே என்றாராம். ஷோதோ வகுப்புகளில் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். மொழியைத் தாண்டிப் பொருள் போய்ச் சேர்ந்துவிட்டதாம். எனக்கு அந்தப் பெருமையில் முழு உடன்பாடு இல்லை. பெத்ரோசா அதில் ஒரு வெள்ளத்தையோ பறவைக் கூட்டத்தையோ பார்த்திருந்தாலும் அவர் பார்வையில் குறை ஒன்றும் இல்லை. தலைப்பைச் சரியாக ஊகித்தால்தான் ரசித்ததாகக் கணக்கு என்று வைத்தால், மறுபடியும் அது படிக்கத் தெரிந்தவர்களின் தேர்வாகிவிடும்.

அதே கண்காட்சியில் இனோவே யூஇச்சியின் எழுத்தும் இருந்தது. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1916-இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். 1945 மார்ச் 10 அதிகாலை டோக்கியோ மீது அமெரிக்க விமானங்கள் நெருப்புக் குண்டு பொழிந்தபோது யோக்கோகாவா பள்ளியில் இரவுப் பணியில் இருந்தார். அடைக்கலம் தேடி அங்கே ஓடிவந்த பெருங்கூட்டம் கருகிச் செத்தது. நினைவிழந்து கிடந்த இனோவே பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு தரையில் பெரிய தாளை விரித்து, வாளியில் மையும் கையில் துடைப்பம் போன்ற தூரிகையுமாக, தாளுக்கு ஓர் எழுத்து என்று எழுதினார். ஏழ்மை என்று பொருள்படும் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதினார். யோக்கோகாவா பள்ளியைப் பற்றி எழுத 1978 வரை அவருக்குக் கை வரவில்லை. எழுதியபோது ஒரு பெரிய தாளில் அந்த இரவு முழுவதையும் கொட்டினார். எழுத்துகள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு நிற்கின்றன. சில பருத்தும் சில நசுங்கியும் கிடக்கின்றன. அழகாக எழுத வேண்டும் என்ற எண்ணமே அதில் இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அதன் படத்தைப் பார்த்தேன். கூட்டமாக எதுவோ வெளியேற வழி தேடுகிறது என்று பட்டது. பிறகு வாசகத்தைத் தெரிந்துகொண்டேன்.

பார்த்தது முதலில், படித்தது பிறகு. இந்த வரிசையைத்தான் உங்களுக்கும் சிபாரிசு செய்கிறேன். வாசகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டால் எழுத்து மாறித்தான் போகிறது. எச்சிகோ நாட்டுத் துறவி ரியோகானின் புகழ்பெற்ற ஒரு தாளில் நான்கே எழுத்துகள்: வானத்தில் பெருங்காற்று என்று பொருள். ஏதோ குழந்தை தடுமாறி எழுதியது போலிருக்கும். பட்டம் செய்ய வேண்டும் என்று காகிதத்தோடு வந்து நின்ற ஒரு சிறுவனுக்காக அவர் எழுதிக்கொடுத்தது என்று கதை. கதை தெரிந்த பிறகு அந்தத் தாள் இன்னும் இலேசாகிவிடுகிறது. கதையை முதலில் கேட்டுவிட்டு வந்தவர்களோ கதையை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எழுத்துக்காரர் எழுதும் எழுத்து எனக்குப் பிடிக்காது என்று ரியோகான் சொன்னதாகவும் சொல்வார்கள். தேர்ச்சியே ஒரு திரையாகி ஆளை மறைத்துவிடும் என்று அவர் அஞ்சியிருக்க வேண்டும்.

பரிசும் பட்டமும் பெற்ற எழுத்துதான் நல்ல எழுத்து என்று யாராவது உங்களிடம் சொன்னால், 2013-இல் வெளிவந்த செய்தியை நினைவில் வையுங்கள். நாட்டின் பெரிய கலைக் கண்காட்சியான நித்தெனில், 2009-ஆம் ஆண்டு எழுத்துப் பிரிவின் முத்திரை செதுக்கும் பகுதிக்கு, எந்த ஆசான் குழுவுக்கு எத்தனை இடம் என்று முன்கூட்டியே பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று அசாஹி நாளிதழ் எழுதியது. நல்ல நடுவர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் தீர்ப்பையும் ஒரு மனிதரின் விருப்பமாகவே எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுடையதைப் போல.

உங்கள் விருப்பம் உங்களுடையது என்றால், பெட்டியை ஒரு நொடி பார்த்துவிட்டு 'பிடிக்கவில்லை' என்று நகரலாம் என்று அர்த்தமில்லை. ஒரு கோட்டின் தொடக்கத்தையும் முடிவையும்கூடப் பார்க்காதவருக்கு அதைப் பிடிக்கவும் வழியில்லை, வெறுக்கவும் வழியில்லை. சுற்றுலாத் தலங்களில் உங்கள் பெயரின் ஒலிக்கு ஏற்ப கான்ஜி எழுத்துகளைப் பொறுக்கி விசிறியில் எழுதித் தருகிறார்களே, அதை வாங்கும்போதும் இதைச் செய்யுங்கள். எழுதுகிறவர் கையைப் பாருங்கள். தூரிகை தாளில் இறங்கும் முன் ஒரு கணம் நிற்கிறதா, இல்லை வரிசையில் அடுத்த ஆளை எண்ணிக்கொண்டே ஓடுகிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்த முறை யுவேனோவுக்கு வரும்போது இப்படிச் செய்வோம். காகிதம் வெளிச்சத்தில் நலிந்துவிடும் என்பதால் சில வாரங்களுக்கு ஒரு முறை தாள்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நான் சொன்னவை அன்று இல்லாமல் போகலாம். இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விளக்கப் பலகையைப் பார்க்காமல், வலது மேல் மூலையில் தொடங்கி மேலிருந்து கீழாக, வரி வரியாக இடப்பக்கம் கண்ணைக் கொண்டுபோங்கள். முடித்த பிறகு எழுதியவர் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குச் சொல்லுங்கள். கோபக்காரரா, நிதானக்காரரா, உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுவீர்களா, மாட்டீர்களா? நானும் அதே பெட்டியைப் பார்த்து என் கணிப்பைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு பலகையைப் படிக்கலாம். யுகினாரியின் சுருள் அன்று வெளியே இருந்தால் எனக்கு முன்கூட்டியே தகவல் தருவதாக எங்கள் வகுப்புப் பூக்கடை அம்மா சொல்லியிருக்கிறார். அவர் யுகினாரி கட்சி. அவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டோக்கியோ நண்பன்